இரசிகனின் கருத்தும் திறனாய்வும்: ஒரு தொலைக்காட்சித் தொடரை முன்வைத்துச் சில சிந்தனைகள்

'இரசிகன்' என்ற சொல் தமிழில் இரு வேறு மனிதரைக் குறித்து வழங்குகின்றது. இசையரங்கில் இராக ஆலாபனையின் நுட்பம் அறிந்து தலையசைப்பவனும் இரசிகனே. தன் அபிமான நடிகரின் படம் வெளியாகும் நாளிற் கொட்டகை வாயிலில் ஆரவாரஞ் செய்பவனும் இரசிகனே. முன்னவனுக்குச் சமூகத்தில் மதிப்புண்டு. பின்னவன் நகைப்புக்கோ கவலைக்கோ உரியவனாகக் கருதப்படுகின்றான். ஆயின் இருவரும் செய்வது ஒரு செயலே. ஒரு கலைப்பொருளை மீண்டும் மீண்டும் நாடிச் சென்று, அதனைப் பற்றி ஓயாது கருத்துரைக்கின்றனர். அக்கருத்துக்குத் திறனாய்வில் இடமுண்டா, உண்டாயின் எந்நிலையில் அது திறனாய்வாகின்றது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

தமிழ்த் திறனாய்வு இவ்வினாவை வேறொரு வடிவிற் சந்தித்திருக்கின்றது. டி. கே. சிதம்பரநாத முதலியாரும் அவரது 'வட்டத்தொட்டி' நண்பர்களும் இலக்கியத்தை அனுபவித்தலையே தலையாய பணியாகக் கொண்டனர். கம்பனைச் சாதாரண வாசகரும் சுவைக்கலாம் என்ற நம்பிக்கையை ஊட்டியமை அவர்களது சாதனை. ஆயினும் தம் சுவைக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பன் பாடியிருக்க மாட்டான் எனத் தள்ளியும், சில பாடல்களைத் திருத்தியும் முதலியார் பதிப்பித்தமை கடுங் கண்டனத்துக்குள்ளாயிற்று. இரசனை, பொருளை விளங்கிக்கொள்ளும் எல்லையைக் கடந்து, பொருளையே தன் விருப்பத்துக்கேற்ப மாற்றியமைக்கும் நிலையை அங்கு எய்தியது. ஈழத்தில் க. கைலாசபதி, கா. சிவத்தம்பி முதலியோர் சமூக வரலாற்று நோக்கினை வலியுறுத்தியமைக்கு இத்தகைய தன்வயப்போக்கின் மீதான அதிருப்தியும் ஒரு காரணம் எனலாம். அதே சிவத்தம்பி 1981இல் தமிழ்ச் சினிமாவை அரசியற் தொடர்பு ஊடகமாகக் கொண்டு தனி நூலொன்றே எழுதினார். வெகுசனக் கலை ஆய்வுக்குரியதென்பது அன்றே நிலைநாட்டப்பட்டுவிட்டது. ஆனால் அக்கலையை நாள்தோறும் நுகரும் இரசிகனின் கருத்து ஆய்வுக்குரிய ஒரு தரவு மட்டுந்தானா, அல்லது அதுவும் ஒருவகை ஆய்வாக அமையக்கூடுமா என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை.

இவ்வினாவை ஆராய்வதற்கு வாய்ப்பான களமொன்று பிரித்தானியத் தொலைக்காட்சியில் உண்டு. 'டொக்டர் ஹூ' என்னும் தொடரைப் பற்றி அதன் இரசிகர் அரை நூற்றாண்டுக்கு மேலாக அச்சிலும் ஒளிபரப்பிலும் கருத்துரைத்து வந்துள்ளனர். அதே வேளையில் அத்தொடரின் ஒரு பகுதி அழிக்கப்பட்டு, அழிந்தவற்றுட் சில பின்னர் மீண்டும் கிடைத்துமுள்ளன. ஆதலின் இரசிகனின் கருத்தையும் கருத்துக்குரிய பொருளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு நோக்கும் அரிய வாய்ப்பு இங்குக் கிட்டுகின்றது.

தொடரும் அதன் அழிவும்

1963 நவம்பர் 23ஆம் நாள், அமெரிக்க ஜனாதிபதி கெனடி கொலையுண்ட மறுநாள், பி. பி. சி. இத்தொடரை ஆரம்பித்தது. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பேர்ட் என்னும் இளம் பெண்மணி. முதற்கதையை நெறிப்படுத்தியவர் இந்தியாவின் லக்னோ நகரிற் பிறந்த வாரிஸ் ஹுசேன். வெளித்தோற்றத்திற் பொலிஸ் தொலைபேசிக் கூண்டு போன்ற ஊர்தியொன்றில் காலத்தையும் வெளியையும் கடந்து பயணஞ் செய்யும் பெயரறியா முதியவர் ஒருவரே கதைத்தலைவர். 1966இல் அப்பாத்திரத்தை ஏற்ற வில்லியம் ஹார்ட்னல் விலக நேர்ந்தபோது, அம்மனிதர் உருமாறி வேறொருவராகின்றார் எனக் கதையமைத்து பற்றிக் டிரௌட்டனை அவ்விடத்தில் நிறுத்தினர். இவ்வுத்தியே தொடரின் நீண்ட ஆயுளுக்கு வித்தாயிற்று. 1989இல் நிறுத்தப்பட்ட தொடர் 2005இல் மீண்டும் தொடங்கியது.

அக்காலத் தொலைக்காட்சியை எவரும் நிலைத்திருக்க வேண்டிய கலையாகக் கருதவில்லை. ஒளிப்பதிவு நாடா விலை கூடியது. அழித்து மீளப் பயன்படுத்தத்தக்கது. நடிகர் சங்கத்துடனான உடன்பாடுகள் மறு ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. வெளிநாடுகளுக்கு விற்பதற்கென எடுக்கப்பட்ட படச்சுருட் பிரதிகளும் விற்பனை உரிமை முடிந்ததும் பயனற்றவையாயின. 1967 முதல் 1978 வரையான காலப்பகுதியில் இத்தொடரின் ஆரம்பகாலப் பதிவுகள் படிப்படியாக அழிக்கப்பட்டன. முதல் ஆறு பருவங்களில் ஒளிபரப்பாகிய 253 பகுதிகளுள் 90க்கும் மேற்பட்டவற்றின் ஒளிப்படிவம் இன்று இல்லை.

ஆயினும் அழிந்த பகுதிகள் அனைத்தினதும் ஒலிவடிவம் இன்றுங் கிடைக்கின்றது. அதனைக் காத்தவர்கள் இரசிகர்கள். வீட்டு ஒளிப்பதிவுக் கருவி பரவியிராத அந்நாளில், தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஒலிவாங்கியை வைத்து, வாரந்தோறும் ஒலியை நாடாவிற் பதிந்துகொண்ட இளைஞர் சிலர் இருந்தனர். நிறுவனம் குப்பையெனக் கழித்ததைச் சுவைஞன் செல்வமெனப் பேணினான். ஏட்டுச் சுவடிகள் செல்லரித்தும் நெருப்புக்கும் நீருக்கும் இரையாகியும் அழிந்த நாளில் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஆற்றிய பணியோடு இதனை ஒப்பிடுவது மிகையாகத் தோன்றலாம். ஆயினும் பற்றுள்ளவனே பேணுகின்றான் என்ற அளவில் இரண்டும் ஓரினத்தனவே.

நினைவின் தீர்ப்பும் பொருளின் தீர்ப்பும்

ஒளிப்படிவம் இழந்த கதைகளைப் பற்றி இரசிகர் மத்தியிற் கருத்துகள் மட்டும் எஞ்சின. இளமையில் ஒருமுறை கண்டவர் கூறியதைக் காணாத தலைமுறை நம்பியது. இவ்வாறு உருவான தீர்ப்புகளுள் இரண்டினைக் கூர்ந்து நோக்கலாம்.

முதலாவது, 1967 செப்ரெம்பரில் ஒளிபரப்பாகிய 'த டூம் ஒவ் த சைபர்மென்'. உறைந்த கல்லறைகளிலிருந்து இயந்திர மனிதர் விழித்தெழும் கதை இது. அழிந்துபோனதாகக் கருதப்பட்ட காலமெல்லாம் தொடரின் ஒப்பற்ற சாதனைகளுள் ஒன்றாக இது போற்றப்பட்டது. 1992இல் ஹொங்கொங்கிலிருந்து நான்கு பகுதிகளும் மீண்டன. கல்லறையின் மென்றிரையைக் கிழித்துக்கொண்டு இயந்திர மனிதர் வெளிவரும் காட்சி புகழுக்குத் தக்கதாகவே இருந்தது. குடும்பத்தை இழந்த இளம்பெண்ணுக்கு நினைவின் ஆறுதலைப் பற்றிக் கதைத்தலைவர் தாழ்ந்த குரலிற் கூறும் காட்சி இன்றும் நெஞ்சைத் தொடுகின்றது. ஆனால் நினைவு மறைத்திருந்த குறைகளும் வெளிப்பட்டன. தந்திரக் காட்சிகளின் வறுமை ஒருபுறமிருக்க, கதையில் வரும் கறுப்பின மனிதர் பேச்சுக் குறைந்த, உடல்வலிமை மட்டுமே மிகுந்த பணியாளராகவே படைக்கப்பட்டிருந்தமை பின்னாளைய பார்வையாளரை உறுத்தியது. இக்குறை 1967இலும் அங்கேயே இருந்தது. அன்று அதனைக் காணும் கண் பலருக்கு இருக்கவில்லை. பின்னர் காணக்கூடிய கண்ணிருந்தும் பொருள் இருக்கவில்லை.

இரண்டாவது, 1967 டிசம்பரிலிருந்து 1968 ஜனவரி வரை ஒளிபரப்பாகிய 'த எனிமி ஒவ் த வேர்ல்ட்'. ஆறு பகுதிகளுள் மூன்றாவது மட்டுமே நெடுங்காலம் எஞ்சியிருந்தது. விந்தை விலங்குகள் எவையுமற்ற இக்கதை, அவை நிறைந்த ஒரு பருவத்தின் நடுவே வந்த சுவை குன்றிய படைப்பென ஒதுக்கப்பட்டிருந்தது. நைஜீரியாவின் ஜொஸ் நகரிலே கண்டெடுக்கப்பட்ட ஒன்பது பகுதிகளுள் இதன் ஏனைய ஐந்தும் அடங்கியிருந்தமை 2013 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்டது. டிரௌட்டன் கதைத்தலைவராகவும், அவரைப் போன்ற தோற்றமுடைய கொடுங்கோலனாகவும் இரட்டை வேடத்தில் நடிக்கும் திறன் அப்போதுதான் முழுமையாகப் புலப்பட்டது. உடல்நிலையையும் குரலையும் விழிவீச்சையும் கொண்டே இருவரையும் அவர் வேறுபடுத்துகின்றார். பஞ்சத்துக்குத் தீர்வுகாணும் உலகோபகாரியாகத் தோன்றி அதிகாரத்தைக் கைப்பற்றும் மனிதனின் கதை அரசியற் கூர்மையுடையது என்பதும் உணரப்பட்டது. ஒதுக்கப்பட்ட கதை சிறந்தவற்றுள் ஒன்றாக எண்ணப்படலாயிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளாற் பெறப்படும் உண்மை முக்கியமானது. நினைவிலிருந்து எழுந்த புகழ்ச்சியும் சரி, எஞ்சிய ஒரு துண்டைக் கொண்டு எழுந்த இகழ்ச்சியும் சரி, பொருள் முன்னே வந்ததும் திருத்தம் பெற்றன. திருத்தத்தைச் செய்தவரும் பெரும்பாலும் அதே இரசிகரே. கருத்து மாறக்கூடியதாக இருந்தமையாலேதான் அது திறனாய்வுக்குரிய தகுதியைப் பெற்றது. சரிபார்க்கப் பொருளில்லாதவிடத்து எந்தக் கருத்தும், அது பேராசிரியருடையதாயினும், வெறும் நினைவேக்கமாகவே எஞ்சும்.

ஒரு கதைக்கு மூன்று தீர்ப்புகள்

பொருள் கைக்கெட்டியவிடத்தும் இரசிகனின் கருத்து தானாகவே திறனாய்வாகிவிடுவதில்லை. இதற்கு 1976 ஒக்டோபர் 30 முதல் நவம்பர் 20 வரை நான்கு பகுதிகளாக வந்த 'த டெட்லி அஸாஸின்' தக்க எடுத்துக்காட்டாகும். ரொபேட் ஹோம்ஸ் எழுதிய இக்கதையில் கதைத்தலைவர் தம் பிறந்த கிரகத்துக்கு மீளுகின்றார். அங்கு ஜனாதிபதி கொலையுண்டு, பழி அவர்மேல் விழுகின்றது. 'காலப் பிரபுக்கள்' எனப்படும் அக்கிரகத்தோர் மூட்டுவலியால் முணுமுணுக்கும் முதியோராகவும், சடங்குகளிலும் பதவிப் போட்டிகளிலும் மூழ்கியோராகவும் காட்டப்படுகின்றனர். இறுதியில் நிகழ்ந்த உண்மை மக்களுக்கு உவப்பாயிராது என்பதனால், மூத்த அதிகாரி ஒருவர் அதனை மாற்றி எழுதிப் பதிவுசெய்விக்கின்றார்.

இக்கதைக்கு முதலில் இரு கண்டனங்கள் எழுந்தன. ஒன்று மேரி வைட்ஹவுஸ் அம்மையாருடையது. தொலைக்காட்சியின் ஒழுக்கங் கருதி இயக்கம் நடத்திவந்த அவர், கதைத்தலைவரின் தலை நீரில் அமிழ்த்தப்பட்ட நிலையில் மூன்றாம் பகுதி முடிவதைச் சுட்டிக்காட்டினார். அடுத்த பகுதி வரும்வரை ஒரு வாரம் முழுதும் குழந்தையின் மனத்தில் அக்காட்சியே உறைந்திருக்கும் என்பது அவரது வாதம். பி. பி. சி. வருத்தந் தெரிவித்தது, மூல நாடாவில் அக்காட்சி வெட்டப்பட்டது. அம்மையாரின் முடிவை ஏற்பதும் மறுப்பதும் வேறு. ஆயின் வாரத்தொடர் என்ற வடிவத்தின் இயல்பை அவர் நன்குணர்ந்திருந்தார் என்பதை மறுத்தல் இயலாது. கதை நிற்குமிடத்திற் பார்வையாளன் மனமும் நிற்கின்றது.

மற்றைய கண்டனம் இரசிகர் சங்கத்தின் தலைவரிடமிருந்தே வந்தது. 1976இல் அமைக்கப்பட்ட அச்சங்கத்தின் இதழில் அவர் இக்கதையைக் கடுமையாகச் சாடினார். 1969இல் முதன்முறை தோன்றியபோது காலப் பிரபுக்கள் தெய்வங்களை ஒத்த கம்பீரமும் மருமமும் உடையோராக இருந்தனர். அவர்களைத் தள்ளாடும் கிழவராக்கியமை தொடரின் மாயத்தையே அழித்துவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம்.

இக்கருத்தை எளிதில் எள்ளி நகையாடலாம். ஆனால் அதனுள் நுண்ணிய பயிற்சி இருக்கின்றது. ஏழாண்டுகளுக்கு முன் ஒருமுறை காட்டப்பட்டதனை நினைவிற்கொண்டு, இன்றைய படைப்போடு ஒப்பிட்டு, வேறுபாட்டைச் சரியாகக் கண்டறிதல் சாதாரண செயலன்று. அன்றைய பத்திரிகை விமர்சகர் எவரும் அவ்வேறுபாட்டை அத்துணை நுணுக்கமாக அறிந்திருப்பர் எனக் கருத இடமில்லை.

இரசிகனின் கருத்து மூன்று படிகளிற் செல்லக்கூடியது. 'பிடிக்கவில்லை' என்பது முதற்படி, அது உணர்வு. 'மாறிவிட்டது' என்பது இரண்டாம் படி, அது ஒப்பீடு. 'ஏன் மாற்றப்பட்டது, அம்மாற்றத்தால் விளையும் பொருள் யாது' என்பது மூன்றாம் படி, அது விளக்கம். சங்கத் தலைவர் இரண்டாம் படிவரை பிறரினுஞ் சிறப்பாகச் சென்றார், அங்கேயே நின்றுவிட்டார்.

மூன்றாம் படியினை எடுத்துவைத்தவர் பின்வந்த தலைமுறையினரான இரசிகரே. ஒளிநாடாவில் அக்கதையைத் திரும்பத் திரும்பப் பார்க்க வாய்ப்புப் பெற்ற அவர்கள் முரண்பாடு எனப்பட்டதையே கதையின் கருவாகக் கண்டனர். வெளியிலிருந்து நோக்குவோர்க்கு மாட்சிமையுடையதாகத் தோன்றும் நிறுவனம், உள்ளேயிருந்து வெளியேறியவனின் கண்களுக்குச் சிறுமையுடையதாகத் தோன்றுகின்றது. அவன் ஏன் அங்கிருந்து ஓடினான் என்ற பழைய வினாவுக்கும் இதுவே விடையாகின்றது. கெனடி கொலையும் வாட்டர்கேட் ஊழலும் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்திருந்த ஒரு காலத்தில், உண்மையைத் திருத்தியெழுதும் ஆட்சியாளரைச் சிறுவர் தொடரொன்று காட்டியது என்பதும் கவனிக்கப்பட்டது. இன்று இக்கதை தொடரின் சிறந்த படைப்புகளுள் வைத்து எண்ணப்படுகின்றது. சங்கத் தலைவர் கண்ட வேறுபாடே இப்புதிய விளக்கத்துக்கும் அடிப்படை. முந்தைய இரசிகனின் குற்றச்சாட்டு, பிந்தைய இரசிகனின் சான்றாயிற்று.

உரிமையுணர்வின் இடர்

இரண்டாம் படியில் நின்றுவிடச் செய்வது யாது? 'இது எம்முடையது' என்னும் உரிமையுணர்வே அதுவெனலாம். 1986 டிசம்பரில் பி. பி. சி. நேரடி நிகழ்ச்சியொன்றில் இளம் இரசிகர் சிலர் தோன்றி, அப்போது நிறைவுற்ற பருவத்தைக் குறைகூறினர். கதை எழுதியோருள் இருவரும் அந்நிகழ்ச்சியிற் பங்குகொண்டனர். கதையமைப்புத் தேய்ந்த பாதையிற் செல்கின்றதென்று அஞ்சாது கூறிய பதினாறு வயது மாணவர் ஒருவரின் பெயர் கிறிஸ் சிப்னால். 2018 முதல் 2022 வரை அதே தொடரின் தலைமை எழுத்தாளராக விளங்கியவர் அவரே. கதைத்தலைவரின் பாத்திரத்தை முதன்முறையாக ஜோடி விட்டேக்கர் என்னும் பெண்ணிடம் ஒப்படைத்தவரும் அவரே. 2020 மார்ச்சில் வந்த கதையொன்றில் கதைத்தலைவரின் பிறப்பு வரலாற்றையே அவர் மாற்றியமைத்தபோது, தொடரின் மருமம் அழிந்தது என்ற கூக்குரல் எழுந்தது. 1976இல் எழுந்த குற்றச்சாட்டும் ஏறத்தாழ இதுவே.

ஒரு பெண் அப்பாத்திரத்தை ஏற்கலாகாது என 2017இல் எழுந்த எதிர்ப்புகளுட் பல முதற்படியைக்கூடத் தாண்டவில்லை. உருமாற்றத்தையே உயிராகக் கொண்ட தொடரில் உருமாற்றத்தை மறுப்பது தொடரையே மறுப்பதாகும். அதே வேளையில், அப்பருவங்களின் உரையாடல் விளக்கவுரையாகிவிட்டது, துணைப் பாத்திரங்கள் பலவாகி ஆழங் குன்றின என உரிய காட்சிகளைச் சுட்டிக் கூறியோரும் இருந்தனர். இவ்விரு சாராரையும் ஒன்றாகக் கட்டி 'இரசிகர் வெறி' என ஒதுக்குவது, கருத்தைக் காரணத்தினின்றும் பிரித்தறியும் பொறுப்பினைத் தட்டிக்கழிப்பதாகும். தமக்கு ஒவ்வாத பாடலைக் கம்பனுடையதன்று என்ற முதலியாரின் செயலும், தமக்கு ஒவ்வாத கதை உண்மையான தொடரைச் சேர்ந்ததன்று என்ற இரசிகரின் கூற்றும் ஒரே இடறலின் இரு வடிவங்கள். அவ்விடறல் படிப்பறிவால் தானே நீங்கிவிடுவதன்று என்பதற்கு முதலியாரின் புலமையே சான்று.

ஈழத் தமிழ்ச் சூழலில்

இவ்வுதாரணத்தால் ஈழத் தமிழ்த் திறனாய்வு பெறக்கூடிய பயன் யாது? இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்கள் ஒரு காலத்திற் குடாநாட்டின் ஒழுங்கைகளிலும் மலையகத்தின் லயங்களிலும் கிழக்கின் ஊர்களிலும் ஒருசேரக் கேட்கப்பட்டன. 'சானா' எனப்பட்ட சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா', சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' என்பன இன்றும் முதியோர் வாயிற் பெயர்களாக வாழ்கின்றன. 'கோமாளிகள்' 1976இல் திரைப்படமாகவும் வந்தது. அந்நாடகங்களைப் போல இனி வராது என்பார் பலர். வெறும் பேச்சுவழக்கு நகைச்சுவையே அவை என்பாரும் உளர். இக்கருத்துகளுள் எது பொருந்தும்? அன்று ஒலித்தவற்றுட் பல இன்று கேட்கக் கிடைக்காமையால் இவ்வினாவுக்கு விடையில்லை. 1982 பெப்ரவரியில் ஆரம்பித்த ரூபவாகினியின் ஆரம்பகாலத் தமிழ் நிகழ்ச்சிகளைப் பற்றிய பேச்சும் பெரிதும் நினைவையே சார்ந்து நிற்கின்றது.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்ட மண்ணில் இழப்பின் பொருளை எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஆயினும் நெருப்பு வைத்தவர்களால் அழிந்தவை ஒருபுறமிருக்க, 'இதற்கென்ன மதிப்பு' என்ற அலட்சியத்தால் அழிந்தவையும் உள. முன்னதற்கு எதிராகக் குரலெழுப்பும் சமூகம் பின்னதிற் தானும் பங்காளி என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். 2005 முதல் தன்னார்வலர் முயற்சியாக வளர்ந்துவரும் 'நூலகம்' எண்ணிம நூலகம், தனிப்பட்டோர் பேணிய ஏடுகளையும் மலர்களையும் இதழ்களையும் திரட்டி யாவர்க்கும் எட்டச் செய்துள்ளது. அதன் சேகரிப்பிலே பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மலர்களும் உள்ளன. அச்சுக்கு நிகழ்ந்தது ஒலிக்கும் ஒளிக்கும் நிகழவேண்டும். நாடகமொன்றை நாடாவிற் பதிந்து அலுமாரியில் வைத்திருக்கும் முதியவரும், வசனங்களை மனனமாகச் சொல்லக்கூடிய மூதாட்டியும் ஆய்வாளனுக்கு வெறும் தகவலாளர் மட்டுமல்லர். அவனுக்கு முன்னரே அப்பொருளை ஒப்பிட்டும் எடைபோட்டும் வந்த முதல் வாசகராவர்.

தமிழ் உரையாசிரியர் மரபு இதனை அறிந்திருந்தது. ஒரு நூலை வாழ்நாள் முழுதும் கற்று, முன்னையோர் கொண்ட பொருளை எடுத்துரைத்து, அது பொருந்தாமைக்குக் காரணங் காட்டி, பின்னரே தம் கருத்தை நிறுவினர் உரையாசிரியர். பற்று அவர்க்குத் தடையாயிருக்கவில்லை. நூலை விட்டகலாது நிற்கும் பொறுமையை அதுவே அளித்தது. இன்றைய இரசிகனிடத்து அப்பற்று இருக்கின்றது. இன்றைய கல்வியாளனிடத்துக் காரணங் காட்டும் முறை இருக்கின்றது. இருவரும் ஒருவரையொருவர் இகழ்ந்து நிற்கும் வரையில், முன்னவன் கருத்து விருப்பு வெறுப்பாகவும், பின்னவன் ஆய்வு பொருளைக் காணாத பொதுக்கூற்றாகவும் முடியும். வெகுசனக் கலையைப் பற்றிய தமிழ்த் திறனாய்வு வளரவேண்டுமாயின் முதலில் அக்கலை பேணப்படவேண்டும். அதனைப் பேணியவர்கள் செவிமடுக்கப்படவேண்டும். பின்னர் அவர்களோடு பொருளை நடுவே வைத்து வாதிடவேண்டும்.